பையில பாக்கெட் கிடைச்ச அன்னிக்கு ராத்திரி

மாசத்துக்கு ஒண்ணாவது உங்க வாட்ஸ்அப்புக்கு வந்துடும். யூனிஃபார்ம் போட்ட ஒரு பையன் பஸ் ஸ்டாண்டு சுவரோரமா நிக்க முடியாம சரிஞ்சு கிடப்பான். வீடியோ எடுக்கிறவர் சிரிச்சுக்கிட்டே "எந்த ஸ்கூல்டா நீ?"ன்னு கேட்பார். முகம் தெளிவா தெரியும். "நாலு சாத்து சாத்துனா சரியாயிடும்"னு கீழே ஒரு வரி சேர்த்து, இன்னும் அஞ்சு குரூப்புக்குத் தள்ளி விடுவாங்க.

அந்தப் பையன் அன்னிக்கு ராத்திரி எங்க இருந்தான், யார் கூட இருந்தான்னு யாராவது கேட்டதுண்டா?

நான் மனநல மருத்துவர். இந்த த்ரெட் நீளம், ஆனா சொல்ல வர்றது ஒண்ணுதான். பிள்ளைகிட்ட போதைப்பொருள் பிடிபடுற நாளும் அதுக்கு அடுத்த ஒரு வாரமும் அந்தப் பிள்ளையோட உயிருக்கு ஆபத்தான காலம். அந்த நாளைத்தான் நாம அடிக்கவும், அசிங்கப்படுத்தவும், டிசி கொடுத்து அனுப்பவும் தேர்ந்தெடுத்து வச்சிருக்கோம்.

"போதை கெட்டதுன்னு சொல்ல டாக்டர் எதுக்கு, பஸ்ஸுக்குப் பின்னாடியே எழுதியிருக்கே"ன்னு கேட்கலாம். நான் அதைப் பேச வரல. போதையையும் தற்கொலை எண்ணத்தையும் ரெண்டு தனித்தனி பிரச்சினையா நாம வச்சிருக்கோம் பாருங்க, அந்தப் பழக்கத்தைப் பத்தித்தான் பேசறேன். போதைன்னா ஒழுக்கப் பிரச்சினை, தற்கொலை எண்ணம்னா மனசுப் பிரச்சினை. முன்னதுக்கு பி.டி. சார், பின்னதுக்கு கவுன்சிலர். 15 வயசுப் பிள்ளையோட தலைக்குள்ள இந்த ரெண்டுக்கும் நடுவுல சுவர் எதுவும் கிடையாது.

முதல்ல ஆதாரம். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கபிரியெல்லா கோபியின் குழு 2019-ல் ஒரு தொகுப்பாய்வு வெளியிட்டது. 11 ஆய்வுகள், மொத்தம் 23,317 பேர். 18 வயசுக்கு முன்னாடி கஞ்சா புகைச்சவங்க இளைஞர்களா வளர்ந்த பிறகு என்ன ஆனாங்கன்னு பார்த்தாங்க. புகைக்காதவங்களோட ஒப்பிட்டா தற்கொலை எண்ணம் வர்ற வாய்ப்பு விகிதம் ஒன்றரை மடங்கு. முயற்சி செய்யற வாய்ப்பு விகிதம் கிட்டத்தட்ட மூன்றரை மடங்கு. இந்த ரெண்டாவது எண்ணில் நிச்சயமின்மை அதிகம், ஒன்றரையாவும் இருக்கலாம், ஏழுக்கு மேலயும் இருக்கலாம். ஆனா எந்தப் பக்கம் சாயுதுங்கறதுல சந்தேகம் இல்ல. "ஏற்கெனவே மனசு சரியில்லாதவன்தான் புகைச்சிருப்பான்"னு நீங்க சொல்லப் போறது தெரியும். ஆரம்பத்திலேயே இருந்த மனநிலைப் பிரச்சினையைக் கணக்குல எடுத்துக் கழிச்ச ஆய்வுகளைத்தான் அவங்க சேர்த்தாங்க.

கஞ்சாதான் காரணம்னு இது நூத்துக்கு நூறு நிரூபிக்குதா? இல்ல. எனக்கு அந்தச் சண்டையில ஆர்வமும் இல்ல. நெருப்பு முதல்ல வந்துச்சா புகை முதல்ல வந்துச்சான்னு வாதாடறதை விட, புகை தெரிஞ்சா வீட்டுக்குள்ள ஆள் இருக்கான்னு பார்க்கணும் இல்லையா?

நடைமுறையில ரெண்டு வழியாவும் வரும். தூக்கம் வராத, அழுகை வர்ற, வீட்டுச் சண்டை காதுல விழுந்துகிட்டே இருக்கிற பிள்ளைக்கு ஒரு பஃப், ஒரு மாத்திரை முதல் தடவை நிஜமாவே நிம்மதி தரும். இதைச் சொல்ல நாம பயப்படறோம். ஆனா பிள்ளைக்குத் தெரியும், அனுபவிச்சிருக்கான். "அதுல ஒண்ணுமே இல்ல, வீணாப் போனது"ன்னு நாம பேச ஆரம்பிச்ச உடனே, இவங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு முடிவு பண்ணிடுவான். அந்த நிம்மதி கடன் வாங்கினது. திருப்பிக் கட்டறப்போ வட்டியோட போகும். போதை இறங்கினதும் முன்னாடி இருந்த சோர்வை விடப் பெரிய சோர்வு. அதுக்கு மறுபடி ஒரு மாத்திரை. இதுக்கு நடுவுல மார்க் குறையும், பணம் காணாமப் போகும், பொய் சேரும், பழைய சிநேகிதங்க விலகுவாங்க. ஒரு வருஷத்துல அந்தப் பிள்ளைக்குச் சாகணும்னு தோணறதுக்கான காரணங்கள் புதுசா நாலு சேர்ந்திருக்கும்.

மது வேற மாதிரி. அது நாள் கணக்குல இல்ல, மணிக்கணக்குல வேலை செய்யும். குடிச்சவன் மூளையில 'நாளைக்கு'ங்கற பகுதிதான் முதல்ல அணையும். இப்போ இருக்கிற வலி மட்டும் பெருசா நிக்கும். வளரிளம் பருவத்துல உணர்ச்சியைக் கிளப்பற மூளைப் பகுதி முழு வேகத்துல ஓடும். பிரேக் போடற முன்மூளை முதிர இருபதுகளின் நடுப்பகுதி ஆகும். பிரேக் பாதி பிடிக்கிற வண்டியில மதுவை ஊத்தினா மீதிப் பாதியும் போச்சு. தற்கொலை முயற்சிக்குப் பிறகு பிழைச்சு வந்த பல பேர் எங்ககிட்ட சொல்றது, முடிவுக்கும் செயலுக்கும் நடுவுல சில நிமிஷங்கள்தான் இருந்துச்சுங்கறது. அந்தச் சில நிமிஷத்துல மூளை தெளிவா இருக்கா, கைக்கு எட்டுற தூரத்துல என்ன இருக்கு, பக்கத்துல ஆள் இருக்கா, இந்த மூணும்தான் தீர்மானிக்குது.

(தமிழ்நாட்டுல மது வாங்கற வயசு 21. கடை வாசல்ல போர்டும் இருக்கு. அந்த போர்டைத் தாண்டி வாங்கித் தர்ற 'அண்ணன்' எல்லாத் தெருவிலயும் இருக்கார். அதைப் பத்தித் தனியா எழுதணும்.)

இப்போ பள்ளி, கல்லூரிப் பக்கம் அதிகமா கேள்விப்படறது மாத்திரை. டேபென்டடால்னு ஒரு வலிநிவாரணி. டாக்டர் சீட்டு இல்லாம விற்கவே கூடாதது. மூளையில ஓபியம் வகை மருந்துகள் போய் உட்கார்ற அதே இடத்துலதான் இதுவும் உட்காரும். வாசனை இல்ல, புகை இல்ல, சட்டைப் பையில அடங்கும். அதனாலதான் வீட்டுக்குத் தெரியறப்போ ரொம்ப தூரம் போயிருக்கும். கூல் லிப், ஒயிட்னர், சொல்யூஷன் எல்லாம் இன்னும் சின்ன வயசு சமாச்சாரம். எய்ம்ஸ் நடத்தி மத்திய அரசு 2019-ல் வெளியிட்ட தேசிய ஆய்வுல, பெரியவங்களை விடப் பிள்ளைங்ககிட்ட அதிகமா இருந்த ஒரே வகை இந்த மோந்து பார்க்கிற வகைதான். 10 முதல் 17 வயசுல 1.17 சதவீதம், பெரியவங்க 0.58.

சரி, பிடிபட்டாச்சு. இப்போ வீட்ல என்ன நடக்குது?

அப்பா அடிப்பார். அம்மா அழுவாங்க, "நீ பொறந்ததுக்குப் பொறக்காமலே இருந்திருக்கலாம்"னு ஒரு வார்த்தை விழும். போனைப் பிடுங்குவாங்க. சித்தப்பா, மாமா எல்லாரையும் வரவழைச்சு நடு ஹால்ல நிக்க வச்சு விசாரணை. அப்புறம் ரூம்ல போட்டுப் பூட்டு. "ஒரு வாரம் கிடந்தான்னா தானா நின்னுடும்."

மருத்துவரா அந்த அறையை எட்டிப் பாருங்க. உள்ளே இருக்கிற பிள்ளைக்கு மாத்திரை திடீர்னு நின்னதால உடம்பெல்லாம் முறிக்குது, வயித்துப் போக்கு, மூக்குல தண்ணி, ரெண்டு ராத்திரியா தூக்கம் இல்ல. கஞ்சாவா இருந்தா எரிச்சல், பசியின்மை, கெட்ட கனவு, முதல் வாரம் முழுக்க. "நடிக்கிறான்"னு வெளிய பேசிக்கறது காதுல விழுது. பேச போன் இல்ல, சிநேகிதன் இல்ல. ஊருக்கே தெரிஞ்சு போச்சு. நாளைக்கு ஸ்கூல் கிடையாதுன்னு சொல்லிட்டாங்க. உடல் வேதனை, அவமானம், தனிமை, எதிர்காலம் போச்சுங்கற நினைப்பு. தற்கொலை ஆபத்தை அளவிட நாங்க பயன்படுத்தற பட்டியல்ல இருக்கிற அத்தனையையும் ஒரே ரூமுக்குள்ள போட்டுப் பூட்டி, அதுக்குக் கண்டிப்புன்னு பேர் வச்சிருக்கோம்.

"அப்ப கண்டிக்கவே கூடாதா டாக்டர்?" தாராளமா கண்டியுங்க. காசு நிறுத்துங்க, அந்தக் கூட்டத்தோட போகாதேன்னு சொல்லுங்க, வண்டிச் சாவியை வாங்கி வையுங்க. ஆனா தூக்கம் வந்து, சாப்பாடு இறங்கி, ஒரு மருத்துவர் பார்த்த பிறகு. முதல் வாரத்துல உங்க வேலை காவல் இருக்கறது, தீர்ப்பு சொல்றது இல்ல.

பள்ளிக்கூடத்துக்கு வருவோம், எனக்கு அதிகக் கோபம் அங்கதான். பையில பாக்கெட் கிடைச்சா பெற்றோரைக் கூப்பிட்டு, "நீங்களே டிசி வாங்கிட்டுப் போயிடுங்க, ரிமார்க் எழுதல"ன்னு பெரிய மனசு பண்ணி அனுப்பற பள்ளிகள் எத்தனை! பள்ளியோட பேர் காப்பாத்தியாச்சு. பிள்ளை? பள்ளியோட ஒட்டுதல் இருக்கிற பிள்ளைகளுக்குப் போதையும் குறைவு, தற்கொலை முயற்சியும் குறைவுன்னு பல நாட்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்லுது. இருக்கிற ஒரே கயிறையும் நாமே அறுக்கறோம். இன்னொண்ணு, கல்வி உரிமைச் சட்டம் 2009-ன்படி எட்டாம் வகுப்பு முடிக்கிற வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு வெளியேத்தவே கூடாது. ஏழாம் வகுப்புப் பையன்கிட்ட கூல் லிப் இருந்துச்சுன்னு டிசி கொடுத்தா, சட்டத்தை மீறினது அந்தப் பையன் இல்ல.

பிரேயர்ல போதை எதிர்ப்பு உறுதிமொழி எடுக்கறாங்க. எடுக்கட்டும், நல்லதுதான். ஆனா கடைசி வரிசையில நிக்கிற, ஏற்கெனவே மாட்டிக்கிட்ட ஒருத்தனை நினைச்சுப் பாருங்க. மேடையில "இவங்க சமுதாயத்தின் எதிரிகள்"னு ஒருத்தர் முழங்கறார். அன்னிக்கு மத்தியானம் அவன் எந்த டீச்சர்கிட்ட போய் "மிஸ், என்னால நிறுத்த முடியல"ன்னு சொல்லுவான்? உறுதிமொழியோட கடைசியில ஒரு வரி சேருங்க. "மாட்டிக்கிட்டவங்க இந்த சார்கிட்ட வாங்க, டிசி கிடையாது, போலீஸ் கிடையாது." அந்த ஒரு வரிக்கு எத்தனை பேர் வர்றாங்கன்னு பாருங்க.

பொம்பளப் பிள்ளைங்க கதை இன்னும் மோசம். அவங்களுக்கு அடியோட சேர்த்து மூடி மறைக்கறதும் நடக்கும். "வெளிய தெரிஞ்சா எவன் கட்டுவான்?" கடைசி வரைக்கும் ஒரு டாக்டர் கண்ணுல படாமலே போற பிள்ளைகள்ல அவங்கதான் அதிகம்.

அடுத்து நம்ம புள்ளிவிவரம். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ல் இந்தியாவுல தற்கொலையால் இறந்தவங்க 1,70,924 பேர். அதுல தமிழ்நாடு 19,834, மகாராஷ்டிராவுக்கு அடுத்து ரெண்டாவது இடம். மாணவர்கள் மட்டும் நாடு முழுக்க 13,044. இதுல 'காரணம்'னு ஒரு அட்டவணை வரும். போதை, குடிப்பழக்கம் 6.8 சதவீதம், தேர்வுத் தோல்வி 1.2 சதவீதம், குடும்பப் பிரச்சினை 31.7 சதவீதம் இப்படி. ஒரு சாவுக்கு ஒரு கட்டம். துக்க வீட்டுல நின்னு விசாரிக்கிற காவலர் அதை நிரப்பணும். மாத்திரைக்கு அடிமையாகி, அதனால பரீட்சையில தோத்து, அதனால அப்பா அடிச்ச ஒரு பையனை எந்தக் கட்டத்துல போடுவார்? "குடும்பப் பிரச்சினை"ன்னு போவான், இல்லேன்னா "தேர்வுத் தோல்வி"ன்னு போவான். மாத்திரை எழுத்துலயே வராது. வீட்லயும் சொல்ல மாட்டாங்க, செத்த பிள்ளை பேரைக் கெடுப்பானேன்னு. அதனால அந்த 6.8-ஐ வச்சு "போதையால சாகறது கம்மிதான்"னு யாராவது பேசினா நம்பாதீங்க.

இனி அதிகம் கேட்கிற கேள்வி. "சாகணும்னு தோணுதான்னு நாமளே கேட்டா, இல்லாத எண்ணத்தை விதைச்ச மாதிரி ஆகாதா?"

ஆகாது. இது யூகம் இல்ல, சோதிச்சுப் பார்த்தது. 2005-ல் மேடலின் கூல்டு என்ற ஆய்வாளர் குழு நியூயார்க் மாநிலத்துல ஆறு உயர்நிலைப் பள்ளிகள்ல 2,342 மாணவர்களை ரெண்டாப் பிரிச்சு, ஒரு பாதிகிட்ட தற்கொலை பத்தின கேள்விகளைக் கேட்டாங்க, மறு பாதிகிட்ட கேட்கல. கேட்கப்பட்டவங்களுக்கு எண்ணமோ மன உளைச்சலோ கூடல. போதைப் பிரச்சினை இருந்த பிள்ளைகளையும் சேர்த்து, ஆபத்து அதிகம்னு கருதப்பட்டவங்ககிட்டயும் கூடல. ஏற்கெனவே மனச்சோர்வு இருந்தவங்களும் முன்னாடி முயற்சி செஞ்சவங்களும், கேட்ட பிறகு கொஞ்சம் ஆசுவாசமாவே இருந்தாங்க. புரியக்கூடியதுதானே. மாசக்கணக்கா தனியா சுமந்ததை ஒருத்தர் கை கொடுத்துத் தூக்கினா பாரம் குறையத்தான் செய்யும்.

அதனால கேளுங்க. சுத்தி வளைக்காதீங்க. "தப்பா எதுவும் யோசிக்கலியே?"ன்னு கேட்காதீங்க, அதுக்கு "இல்ல"ங்கற பதில்தான் வரும், கேள்வியிலேயே அந்தப் பதில் இருக்கு. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம், டிவி அணைச்சுட்டு, பக்கத்துல உட்கார்ந்து: "கண்ணு, இது தெரிஞ்சப்போ எனக்குக் கோபம் வந்துச்சு. அதை அப்புறம் பேசிக்கலாம். இந்த மாதிரி மாட்டிக்கிட்டா சில பேருக்குச் செத்துடலாம்னு தோணும். உனக்கு அப்படித் தோணியிருக்கா?" கேட்டுட்டு வாயை மூடிக்கணும். அதுதான் கஷ்டம். ஒரு நிமிஷம் மௌனமா போகும், போகட்டும்.

"ஆமா"ன்னு சொன்னா அதிர்ச்சியைக் காட்டாதீங்க, சத்தியம் வாங்காதீங்க, "உனக்கு என்ன குறை வச்சோம்"னு ஆரம்பிக்காதீங்க. இன்னிக்கும் அந்த எண்ணம் இருக்கா, எப்படின்னு யோசிச்சு வச்சிருக்கியான்னு கேளுங்க. அதுக்கும் "ஆமா"ன்னா அன்னிக்கு ராத்திரி தனியா விடாதீங்க, யாராவது ஒருத்தர் கூடவே படுக்கணும். வயலுக்கு வாங்கின மருந்து, தாத்தாவோட மாத்திரை டப்பா, அப்பாவோட பாட்டில் எல்லாம் வீட்டை விட்டு வெளிய போகணும். ஒளிச்சு வைக்கறதுல அர்த்தம் இல்ல, பிள்ளைக்கு உங்களை விட வீடு நல்லாத் தெரியும். அன்னிக்கே, இல்ல விடிஞ்சதும், மருத்துவமனை.

"இல்ல"ன்னு சொன்னாலும் ஒரு வாரம் கழிச்சு இன்னொரு தடவை கேளுங்க.

"மருத்துவமனைக்குப் போனா போலீஸ் கேஸ் ஆகிடுமே?" இந்தப் பயத்துலயே பல வீடுகள்ல முதல் வாரம் போயிடுது. சட்டம் என்ன சொல்லுது? தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்துல இருந்தார்னே கருதணும், தண்டிக்கக் கூடாதுன்னு மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ன் 115-வது பிரிவு சொல்லுது. 2024 ஜூலையில வந்த பாரதிய நியாய சன்ஹிதாவுல பழைய 309-வது பிரிவே கிடையாது. போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 1985-லயே 64ஏ-ன்னு ஒரு பிரிவு இருக்கு. பயன்படுத்தினதுக்காகவோ சிறு அளவு வச்சிருந்ததுக்காகவோ வழக்கு வந்தவர், அரசு அங்கீகரிச்ச இடத்துல தானா முன்வந்து சிகிச்சை எடுத்தா வழக்கிலிருந்து விலக்கு. சட்டத்தோட கோபம் யார் மேலன்னா, பிள்ளைக்குக் கொடுத்தவன் மேல. இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 77: பிள்ளைக்குப் போதைப்பொருள் கொடுத்தா ஏழு வருஷம் வரை சிறை. அதே சட்டத்துல பிரிவு 74, வழக்குல சிக்கின, பராமரிப்பு தேவைப்படற பிள்ளைகளை அடையாளம் காட்டி வெளியிடறது குற்றம்னு சொல்லுது. அந்த வாட்ஸ்அப் வீடியோவை ஃபார்வர்ட் பண்ற விரலுக்கு இது நினைவிருக்கட்டும்.

மறுவாழ்வு மையங்களைப் பத்திச் சொல்லாம முடிக்க முடியாது. ராத்திரியில நாலு பேர் வந்து தூக்கிட்டுப் போய் மூணு மாசம் வச்சு 'திருத்தி' அனுப்பற இடங்கள் இருக்கு. அடி, பட்டினி, பெரியவங்களோட ஒரே ஹால். அந்த இடத்துல இருந்து திரும்பி வந்த பிள்ளைகளை நான் பார்க்கிறேன். மாத்திரை நின்னிருக்கு, பெத்தவங்க மேல இருந்த நம்பிக்கையும் நின்னிருக்கு. மாநில மனநல ஆணையத்துல பதிவு இருக்கான்னு கேளுங்க, காகிதத்தைக் காட்டச் சொல்லுங்க. 18 வயசுக்குக் கீழே இருக்கிறவங்களை வேற வழியே இல்லாதப்போதான் உள்நோயாளியா சேர்க்கணும், பெரியவங்களோட ஒண்ணா வைக்கக் கூடாது, பெற்றோரோ அவங்க இடத்துல ஒருத்தரோ முழுக்க கூடவே தங்கணும். இது என் கருத்து இல்ல, 2017 சட்டத்தின் 87-வது பிரிவு. "பேரன்ட்ஸ் வரக்கூடாது, அப்பதான் திருந்துவான்"னு ஒரு மையம் சொன்னா, அடுத்த நிமிஷம் பிள்ளையைக் கூட்டிட்டுக் கிளம்புங்க.

என் சக மருத்துவர்களுக்கும் ஒரு வார்த்தை. "முதல்ல போதையை நிறுத்திட்டு வா, அப்புறம் டிப்ரஷனைப் பார்க்கலாம்"னு ஒரு கதவு. "முதல்ல மனசைச் சரி பண்ணிட்டு வா"ன்னு எதிர்க் கதவு. நடுவுல வராண்டாவுல 16 வயசுப் பிள்ளை. ரெண்டையும் ஒரே நாள்ல, ஒரே மேஜையில பார்க்கணும். போதைன்னு வந்த பிள்ளைகிட்ட தற்கொலை எண்ணத்தைக் கேட்காம சீட்டு எழுதறதும், முயற்சிக்குப் பிறகு வார்டுல கிடக்கிற பிள்ளைகிட்ட போதையைக் கேட்காம டிஸ்சார்ஜ் பண்றதும் பாதி வைத்தியம்.

எங்க போகலாம்? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள்லயும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகள்லயும் மனநலப் பிரிவு இருக்கு. மாத்திரை நிறுத்தறப்போ வர்ற வேதனைக்கு மருந்து இருக்கு, பல்லைக் கடிச்சுக்கிட்டுத் தாங்க வேண்டியதில்ல. போன்ல பேச டெலி மானஸ் 14416, எந்நேரமும், காசு கிடையாது, தமிழ்ல பேசலாம். 104-ம் உண்டு. சென்னையில மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் தொடங்கின ஸ்நேகா 044-24640050. பிள்ளைங்களே கூப்பிட 1098.

இதைப் படிக்கிறது பெத்தவங்க இல்ல, அந்தப் பிள்ளைதான்னா: தம்பி, பாப்பா, நீ நிறுத்திட்டுத்தான் வரணும்னு எதுவும் இல்ல. போதையில இருந்தாக்கூட வா. நீ சொல்றதை வெளிய சொல்ல மாட்டோம். உன் உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் வீட்ல ஒருத்தர்கிட்ட சொல்வோம், அதையும் உன்கிட்ட முதல்ல சொல்லிட்டுத்தான் சொல்வோம். அம்மா அப்பாகிட்ட ஆரம்பிக்க முடியலேன்னா அத்தை, டீச்சர், பக்கத்து வீட்டு அக்கா, யார்கிட்ட வேணா ஆரம்பி. வாயால சொல்ல வரலேன்னா இந்த த்ரெட்டை அவங்களுக்கு அனுப்பு, மீதியை அவங்க கேட்டுக்கட்டும்.

கமெண்ட்ல மாத்திரை பேர், கிடைக்கிற இடம், பிள்ளையோட போட்டோ, பள்ளிப் பேர் எதுவும் போடாதீங்க, நீக்கிடுவேன். உள்பெட்டி திறந்திருக்கு, ராத்திரி ட்யூட்டி முடிஞ்சு பதில் போடறேன். அவசரம்னா எனக்கு மெசேஜ் போட்டுட்டுக் காத்திருக்காதீங்க, 108 கூப்பிடுங்க.